மூன்றாம் ஆண்டில் நுழையும் வழி

(சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில், கல்லூரி வயதுப் பிள்ளைகளின் தமிழ்ப் பெற்றோர் முன் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஜூன் மாதம் பிறந்தால் இந்தப் பக்கத்தில் ஒரு காட்சி வழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூடம் மூடின கையோடு நம் வீட்டுப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் கூப்பர்டினோவில் டி அன்சா, ஃப்ரீமாண்டில் ஓலோனி என்ற கம்யூனிட்டி காலேஜ்களுக்குப் போய்க் கால்குலஸ் படிக்கிறார்கள். காரில் கொண்டுபோய் விடுவது நாம்தான். "காலேஜ் மேத்ஸ் இப்பவே முடிச்சுட்டான்" என்று அடுத்த வீட்டாரிடம் சொல்லிக்கொள்வதும் நாம்தான். அதே பிள்ளை பன்னிரண்டாவது முடித்துவிட்டு, "அம்மா, நான் இங்கேயே ரெண்டு வருஷம் படிச்சுட்டு அப்புறம் யூனிவர்சிட்டிக்கு மாறிக்கறேன்" என்று சொன்னால், அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரிவதில்லை. ஊரிலிருந்து தாத்தா போனில் கேட்டால் கல்லூரியின் பெயரை விழுங்கிவிட்டு, "கலிஃபோர்னியாவுலதான் படிக்கறான்" என்கிறோம். வாத்தியார் மாறவில்லை, புத்தகம் மாறவில்லை, வகுப்பறைகூட மாறவில்லை. ஜூனில் பெருமையாக இருந்தது செப்டம்பரில் அவமானமாகிவிடுகிறது.

நான் பல வருஷம் இந்த மாநிலத்துக் கம்யூனிட்டி காலேஜ் ஒன்றில் புள்ளியியல் நடத்தியவள். அந்த வகுப்பில் என்னிடம் படித்தவர்களில் பெரும்பாலானோர் கணிதத்துக்காக வந்தவர்கள் இல்லை. கலைப் படிப்பில் அசோசியேட் டிகிரி என்கிற இரண்டு வருஷப் பட்டத்தை வாங்கிக்கொண்டு, பல்கலைக்கழகத்தில் நேரே மூன்றாம் ஆண்டில் சேர நினைத்தவர்கள். அந்த டிகிரிக்குக் கணிதத்தில் ஒரு பாடம் வேண்டும். அதற்குப் புள்ளியியலை எடுத்துக்கொள்வார்கள். பத்தொன்பது வயசுப் பையனுக்குப் பக்கத்தில் ராணுவத்திலிருந்து திரும்பியவர் இருப்பார், அவருக்குப் பின்னால் பகலெல்லாம் பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை பார்த்துவிட்டு வரும் இரண்டு பிள்ளைகளின் தாய் இருப்பார். அவர்கள் வாங்க வந்த அந்தப் பட்டத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நமக்கு இது புதிய ஏற்பாடே இல்லை. தமிழ்நாட்டில் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்கிறார். நம் குடும்பங்களிலேயே அப்படிப் படித்து முன்னுக்கு வந்த சித்தப்பாவோ மாமாவோ இருப்பார். அங்கே பொறியியலுக்கு இருக்கிற அந்தப் பக்கவாசல் இங்கே வரலாறு, உளவியல், அரசியல், இலக்கியம், பொருளாதாரம் என்று எல்லாவற்றுக்கும் இருக்கிறது. அதைப் பக்கவாசல் என்று சொன்னதுகூடச் சரியில்லை. இந்த மாநிலத்தில் அதைக் கட்டியவர்கள் தலைவாசலுக்குச் சமமாகத்தான் கட்டினார்கள்.

கதை சிகாகோவுக்குப் பக்கத்தில் தொடங்குகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், நான்கு வருஷப் படிப்பை நடுவில் வெட்டி, முதல் இரண்டை ஜூனியர், பின் இரண்டை சீனியர் என்று பிரித்தவர். முதல் பாதியைப் பல்கலைக்கழகம்தான் நடத்த வேண்டும் என்பதில்லை என்பது அவர் எண்ணம். ஜோலியட் என்ற ஊரில் உயர்நிலைப் பள்ளியை நிர்வகித்துவந்த ஸ்டான்லி பிரவுன் அவருடைய நண்பர். இருவரும் சேர்ந்து 1901இல் அந்தப் பள்ளிக்குள்ளேயே ஒரு ஜூனியர் காலேஜைத் தொடங்கினார்கள். முதலில் சேர்ந்தவர்கள் 6 பேர். ஒரு பள்ளிக்கூடம் கூடுதலாக இரண்டு வகுப்பு நடத்தியதை யாரும் வரலாற்றில் எழுதிவைக்கப் போவதில்லை. அங்கே படித்ததைப் பல்கலைக்கழகம் தன் கணக்கில் ஏற்றுக்கொள்ளும் என்ற புரிதல் இருந்ததால்தான் அது வரலாறாயிற்று. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டம் இரண்டு நிறுவனங்களுக்கு நடுவில் உள்ள ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தம் உறுதியாக இருந்தால் பட்டத்துக்கு மதிப்பு உண்டு, இல்லையென்றால் அது அழகாக அச்சிட்ட காகிதம்.

கலிஃபோர்னியா அந்த ஒப்பந்தத்தை மாநிலம் முழுவதற்குமாக எழுத முயன்றது. 1960இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத் தலைவராக இருந்த கிளார்க் கெர் முன்னின்று உருவாக்கிய மாஸ்டர் பிளான் உயர்கல்வியை மூன்று அடுக்காகப் பிரித்தது. பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினர் யூ.சி. என்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு. முதல் மூன்றில் ஒரு பங்கினர் இன்று கால் ஸ்டேட் என்கிற மாநிலக் கல்லூரிகளுக்கு. படிக்க விரும்பும் மற்ற எல்லோருக்கும் இன்று கம்யூனிட்டி காலேஜ் என்கிற ஜூனியர் காலேஜ். வெளியிலிருந்து பார்த்தால் பச்சையான சாதி அடுக்கு மாதிரி இருக்கும். ஆனால் திட்டத்தில் இன்னொரு விதி உண்டு. மேல் இரண்டு அடுக்கிலும் பின் இரண்டு ஆண்டு மாணவர்கள் 60 பங்கும் முதல் இரண்டு ஆண்டு மாணவர்கள் 40 பங்கும் இருக்க வேண்டும் என்றார்கள். அந்தக் கூடுதல் 20 பங்கு இடம் யாருக்கு? கீழேயிருந்து மாறி வருகிறவர்களுக்கு. நாற்காலியை முதலிலேயே போட்டுவைத்துவிட்டு, ஆள் பிறகு வருவார் என்று சொன்ன திட்டம் அது. அந்தக் காலத்தில் இந்தக் கல்லூரிகளில் பயிற்றுக் கட்டணமும் கிடையாது. 1984இல்தான் யூனிட்டுக்கு 5 டாலர் என்று தொடங்கினார்கள். இன்று மாநிலவாசிக்கு யூனிட்டுக்கு 46 டாலர். பட்டத்துக்கு வேண்டிய 60 யூனிட்டுக்கும் கணக்குப் போட்டால் 2,760 டாலர். யூ.சி.யில் ஒரே ஒரு வருஷத்துக்கு இதைப் போலப் பல மடங்கு ஆகும் என்று இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

யூனிட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஒரு யூனிட்டுக்கு வாரம் 1 மணி நேரம் வகுப்பு, அதற்கு வெளியே 2 மணி நேரம் சொந்தப் படிப்பு. மூன்று யூனிட் பாடம் வாரத்தில் 9 மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும். இரண்டு வருஷத்தில் 60 யூனிட் முடிக்க வேண்டுமென்றால் செமஸ்டருக்கு 15 யூனிட், அதாவது வாரம் 45 மணி நேரம். அது ஒரு முழுநேர வேலை. கடையில் வாரம் 25 மணி நேரம் நிற்கிற பிள்ளை இதையும் செய்வான் என்று காகிதம்தான் சொல்லும், உடம்பு சொல்லாது. அதனால் இரண்டு வருஷம் என்பது பலருக்கு மூன்றோ நான்கோ ஆகிறது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் முன்கூட்டியே தெரிந்திருந்தால் நல்லது.

அந்த 60 யூனிட்டில் என்ன இருக்கிறது? 2025 இலையுதிர் பருவத்திலிருந்து புதிதாகச் சேர்பவர்களுக்கு யூ.சி., கால் ஸ்டேட் இரண்டுக்கும் பொதுவான ஒரே பாடத்தொகுதி வந்திருக்கிறது. கால்-கெட்சி என்கிறார்கள். மொத்தம் 34 யூனிட். ஆங்கிலக் கட்டுரை, தர்க்கத்தோடு சிந்தித்து எழுதும் பாடம், மேடையில் பேசும் பாடம், ஒரு கணிதம், கலையும் மனிதவியல் துறைகளும், சமூக அறிவியல், ஓர் இயற்பியல் அறிவியல், ஓர் உயிர் அறிவியல், அவற்றோடு ஒரு ஆய்வகம், பிறகு இன ஆய்வு. மாணவர் தேர்ந்துகொண்ட முதன்மைப் பாடத்தில் குறைந்தது 18 யூனிட் வேண்டும்.

கலைப் படிப்பு என்றதும் நம்மவர்கள் முகம் சுருங்குவதை நான் பார்த்திருக்கிறேன். ஊரில் மதிப்பெண் குறைந்தவர்கள் போகிற இடம் பி.ஏ. என்ற பழைய நினைப்பு. இந்தப் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். புள்ளியியலும் உயிரியல் ஆய்வகமும் இதற்குள்தான் இருக்கின்றன. மேடையில் பேசும் பாடத்தைச் சொல்கிறேன். மென்பொருள் வேலையில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு, ஒரு கூட்டத்தில் எழுந்து தன் பக்கத்தைச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கிற எத்தனை பேரை நமக்குத் தெரியும்? நம்மில் பலரே அப்படித்தானே? இங்கே பத்தொன்பது வயசில் அதைக் கட்டாயமாகச் செய்ய வைக்கிறார்கள். முதல் பேச்சில் கால் நடுங்கும். நான்காவது பேச்சில் எதிர்க்கேள்விக்குப் பதில் வரும்.

ஆக்டேவியா பட்லர் என்ற எழுத்தாளரைச் சிலர் படித்திருப்பீர்கள். அறிவியல் புனைகதையில் பெரிய பெயர், 1995இல் மெக்கார்தர் நல்கை பெற்றவர். அவர் பகலில் வேலை பார்த்துக்கொண்டு, மாலையில் பாசடீனா சிட்டி காலேஜில் படித்து, 1968இல் வரலாற்றில் கவனம் செலுத்தி அசோசியேட் டிகிரி வாங்கினார். எழுத்தால் அவர் சம்பாதித்த முதல் பணம் அந்தக் கல்லூரியின் சிறுகதைப் போட்டியில் வென்ற 15 டாலர். நடிகர் டாம் ஹாங்க்ஸ் நமக்குப் பக்கத்தில் ஹேவர்டிலுள்ள ஷாபோ கல்லூரியில் படித்து, அங்கிருந்து சேக்ரமென்டோவுக்கு மாறியவர். பெரிய பெயர்களைச் சொல்லி உங்களை மயக்குவது என் நோக்கம் இல்லை. என் கவலை பெயர் தெரியாத மற்றவர்களைப் பற்றியது.

அந்தக் கணக்குதான் கசப்பானது. நாடு முழுவதும் கம்யூனிட்டி காலேஜில் சேருகிறவர்களில் சுமார் 80 சதவீதம் பேர், பின்னால் இளங்கலைப் பட்டம் வாங்குவதுதான் தங்கள் எண்ணம் என்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவு. ஆறு வருஷத்துக்குள் அந்தப் பட்டத்தைக் கையில் வாங்குகிறவர்கள் 16 சதவீதம். எண்பது பேர் புறப்பட்டு, பதினாறு பேர் போய்ச் சேருகிறார்கள். சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன், மிச்சம் அறுபத்து நான்கு பேரும் புத்தி குறைந்தவர்கள் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளர் இதைப் பற்றி 1960இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். அவர் உட்கார்ந்து ஆராய்ந்தது நம் சான் ஹோசேயின் ஜூனியர் காலேஜைத்தான். மாஸ்டர் பிளான் வந்த அதே வருஷம் என்பதைக் கவனியுங்கள். எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டு, பிறகு தகுதி போதாதென்று நினைக்கிறவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக, அவர்கள் மனம் நோகாதபடி, தங்கள் ஆசையைத் தாங்களே குறைத்துக்கொள்ளும்படி செய்கிற வேலையை இந்தக் கல்லூரிகள் செய்கின்றன என்றார் அவர். ஒரு தேர்வு, ஒரு ஆலோசனை, இன்னொரு ஆலோசனை, கடைசியில் பிள்ளை தானாகவே "எனக்கு இது போதும்" என்று சொல்லிவிடும். ஆறவைத்தல் என்று அதற்குப் பெயர் வைத்தார். அந்தச் சொல்லை அவர் கடன் வாங்கியது எர்விங் கோஃப்மன் மோசடிக்காரர்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து. பணத்தைப் பறிகொடுத்தவன் போலீசுக்குப் போய்விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து சமாதானம் செய்கிற கூட்டாளியின் வேலை அது. என் சக ஆசிரியர்கள் பலருக்கு இந்த ஒப்பீடு பிடிக்காது. எனக்கும் முழுவதும் சம்மதம் இல்லை. ஆனால் பொய் என்று தள்ளிவிடவும் முடியவில்லை.

ஏனென்றால் ஆறவைக்க ஆலோசகர் தேவையில்லை, விதிமுறையே போதும். முன்பெல்லாம், எந்த நிலைப் பாடத்தில் சேர்ப்பது என்று பார்க்கும் தேர்வில் சில மதிப்பெண் குறைந்தவரை, பல்கலைக்கழகம் கணக்கில் எடுத்துக்கொள்ளாத அடிப்படைக் கணிதத்தில் போடுவார்கள். அது முடிந்தால் அடுத்த அடிப்படை, அதற்கடுத்து இன்னொன்று. யூனிட் கணக்கில் ஏறாத ஏணியில் இரண்டு வருஷம் ஏறி, என் புள்ளியியல் வகுப்பு வரைக்கும் வந்து சேராதவர்கள் ஏராளம். 2017இல் வந்த சட்டம் ஒன்று அந்த ஏணியைப் பெரும்பாலும் எடுத்துவிட்டது. இப்போது நேரடியாகப் பல்கலைக்கழகம் ஏற்கும் பாடத்தில் சேர்த்து, தேவையானவர்களுக்குக் கூடுதல் உதவி வகுப்பு கொடுக்கிறார்கள். ஆரம்பத்தில் எங்களில் பலர் முணுமுணுத்தோம். ஏணியிலேயே தொலைந்துபோயிருக்கக்கூடியவர்கள் முதல் செமஸ்டரிலேயே என் முன்னால் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு நான் முணுமுணுப்பதை நிறுத்திவிட்டேன்.

இன்னொரு ஓட்டை, ஒரு கல்லூரியில் வாங்கிய கிரெடிட்டை இன்னொன்று ஏற்காதது. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017இல் வெளியிட்ட அறிக்கையில், கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டில் 43 சதவீதத்தை இழந்ததாக மதிப்பிட்டது. நூறு ரூபாயோடு மாநில எல்லையைத் தாண்டினால் கையில் ஐம்பத்தேழு ரூபாய் என்று யாராவது சொன்னால் நாம் சும்மா இருப்போமா? இங்கே மாணவர் சும்மா இருக்கிறார், தன் தப்பு என்று நினைக்கிறார். எண்பது யூனிட்டுக்கு மேல் கையில் வைத்துக்கொண்டு, மூன்று கல்லூரிகளில் மாறி மாறிப் படித்துவிட்டு, மேடைப் பேச்சுப் பாடம் ஒன்று இல்லாததால் மாற முடியாமல் நின்ற மாணவியை எனக்குத் தெரியும். உழைப்பு குறையவில்லை. அந்த ஒரு பாடத்தை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

ஃப்ளோரிடா இதற்கு 1971இலேயே வழி கண்டுவிட்டது. மாநிலம் முழுவதற்கும் ஒரே ஒப்பந்தம், கல்லூரிகளுக்கு எல்லாம் பொதுவான பாட எண்கள். நாம் மெதுவாகத்தான் வந்தோம். 2010இல் ஆளுநர் ஷ்வார்ஸனெகர் கையெழுத்திட்ட சட்டத்தால் டிரான்ஸ்ஃபருக்கென்றே தனி அசோசியேட் டிகிரி பிறந்தது. கலைப் பாடங்களுக்கு ஏஏ-டி, அறிவியலுக்கு ஏஎஸ்-டி. இதை வாங்கியவருக்குக் கால் ஸ்டேட்டில் மூன்றாம் ஆண்டில் இடம் உறுதி. அங்கே போன பிறகு இன்னும் 60 யூனிட்டில் இளங்கலையை முடிக்க வழி செய்ய வேண்டும், படித்த பாடத்தையே திரும்பப் படிக்கச் சொல்லக்கூடாது. பொதுவான பாட எண்களும் 2025இலிருந்து சில பாடங்களுக்கு வரத் தொடங்கியிருக்கின்றன.

சட்டத்தின் பொடி எழுத்தையும் படிக்க வேண்டும். இடம் உறுதி என்றால் கால் ஸ்டேட் அமைப்பில் ஏதாவது ஒரு வளாகத்தில், பொருந்துகிற பாடத்தில் இடம் உறுதி. சான் ஹோசே ஸ்டேட்டில் நீங்கள் நினைத்த அதே துறையில் கிடைக்கும் என்று எங்கேயும் எழுதவில்லை. அடுத்தது, நான் அடிக்கடி பார்க்கிற சிக்கல். கல்லூரியின் பட்டியலில் "லிபரல் ஆர்ட்ஸ், ஏஏ" என்று ஒரு பட்டம் இருக்கும். அழகான பெயர், எந்தப் பாடத்தையும் சேர்த்துக்கொள்ளலாம், சீக்கிரம் முடியும். அந்தப் பெயருக்குப் பின்னால் டி என்ற எழுத்து இல்லையென்றால் இந்தச் சட்டத்தின் உறுதியும் அதற்கு இல்லை. அதில் படித்த பாடங்கள் மாறலாம், பட்டம் மாறாது. பிள்ளை பட்டமளிப்பு விழாவில் தொப்பி போட்டுப் படம் எடுத்துக்கொண்ட பிறகு இதைக் கண்டுபிடிப்பது கொடுமை. 2021இல் வந்த இன்னொரு சட்டத்துக்குப் பிறகு, மாறும் எண்ணம் உள்ளவர்களைக் கல்லூரிகளே இந்த டி வழியில் வைக்க வேண்டும், வேண்டாம் என்றால் மாணவர் விலகிக்கொள்ளலாம் என்று ஆகியிருக்கிறது. நல்லதுதான். இருந்தாலும் எந்த வழியில் வைத்திருக்கிறார்கள் என்று பிள்ளை ஒரு தடவை கேட்டுவிடட்டும்.

யூ.சி.யின் கதை வேறு. அங்கே டேக் என்கிற உறுதித் திட்டம் ஆறு வளாகங்களில் உண்டு: டேவிஸ், அர்வைன், மர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றும் இதில் இல்லை. ஒரு வளாகத்தை மட்டும் தேர்ந்துகொண்டு செப்டம்பர் மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

பொறியியலோ கம்ப்யூட்டர் சயின்ஸோ படிக்க நினைக்கிற பிள்ளைக்கு நான் இன்று சொல்கிற வழியை அப்படியே பரிந்துரைக்கமாட்டேன். அந்தத் துறைகளில் பல்கலைக்கழகம் முதலில் பார்ப்பது கணிதம், இயற்பியல் தொடர் பாடங்களை. பொதுப் பாடங்களை எல்லாம் முடித்துவிட்டு இயற்பியலைக் கடைசிக்குத் தள்ளிவைத்தவர் அங்கே திண்டாடுவார். எந்தப் பாடம் எங்கே எதற்குச் சமம் என்று பார்க்க அசிஸ்ட் என்ற மாநிலத் தரவுத்தளம் இருக்கிறது. படிக்கிற கல்லூரி, போக விரும்பும் வளாகம், துறை மூன்றையும் கொடுத்தால் பாடத்துக்குப் பாடம் எதிரெதிரே காட்டும். நம் வீடுகளில் கார் வாங்குவதற்கு முன் எத்தனை ஒப்பீடு செய்கிறோம்! அதில் பத்தில் ஒரு பங்கு நேரம் போதும்.

விசா விஷயத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 46 டாலர் என்பது மாநிலவாசிக்கு. எஃப்-1 மாணவருக்கு வெளிமாநிலக் கட்டணம், அது பல மடங்கு. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்து எச்-4இல் இருக்கிற பிள்ளைக்கு 21 வயது நிறையும்போது நிலை மாறும், அதோடு கட்டணக் கணக்கும் மாறக்கூடும். பத்தொன்பதாவது வயசிலேயே கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவைப்பது நல்லது.

மாறிப் போன முதல் செமஸ்டரில் மதிப்பெண் கொஞ்சம் விழும். இதை டிரான்ஸ்ஃபர் ஷாக் என்று கல்வி ஆராய்ச்சியாளர்கள் 1960களிலிருந்தே எழுதிவருகிறார்கள். பெரும்பாலானோர் அடுத்த செமஸ்டரில் சமாளித்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு செமஸ்டரில், "அப்பவே சொன்னேன்" என்று நாம் ஆரம்பிக்காமல் இருந்தால் போதும்.

கடைசியாக, உங்களுக்குப் பிடிக்காத ஒன்று. பள்ளியில் பிள்ளையின் ஒவ்வொரு வீட்டுப்பாட மதிப்பெண்ணையும் இரவு பத்து மணிக்குப் போனில் பார்த்துப் பழகியவர்கள் நாம். கல்லூரியில் அது முடியாது. ஃபெர்பா என்ற கூட்டரசுச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த உடனே அந்தப் பதிவுகளின் உரிமை மாணவருடையது. வயசு பதினாறாக இருந்தாலும் அப்படித்தான். பிள்ளை எழுதிக் கொடுத்தால் தவிர, நீங்கள் கல்லூரி ஆலோசகரான கவுன்சிலருக்குப் போன் செய்தால் அவர் மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். கேட்க வேண்டியது பிள்ளைதான். வீட்டில் கல்லூரியின் பெயரைச் சொல்லவே கூச்சப்படுகிற சூழலில் வளர்கிற பிள்ளை அந்த அலுவலகத்துக்குள் போய், "நான் எந்த வழியில் இருக்கிறேன், இன்னும் எந்தப் பாடம் பாக்கி" என்று கேட்காது. சத்தமில்லாமல் வகுப்புக்குப் போய்விட்டு, சத்தமில்லாமல் வீடு திரும்பும். நான் சொன்ன அந்த எண்பது யூனிட் மாணவியைப் போல.

செமஸ்டர் தொடங்குகிற முதல் இரண்டு வாரம் கவுன்சிலர் அறை வாசலில் கூட்டம் தாங்காது, கிடைப்பது பத்து நிமிஷம். ஐந்தாம் ஆறாம் வாரம் போகச் சொல்லுங்கள், அரை மணி நேரம் உட்கார்ந்து பேசலாம். முதல் செமஸ்டரிலேயே நான்கு செமஸ்டருக்குமான பாடத் திட்டத்தை எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அதைப் பார்க்க உங்களுக்கு உரிமை இல்லை. காட்டுகிறாயா என்று கேட்கத் தடை இல்லை.

கேள்விகள் நிறைய இருக்கும் என்று தெரிகிறது, பின்வரிசையில் ஏற்கெனவே இரண்டு கை உயர்ந்துவிட்டது. விசா கேள்வியாக இருந்தால் கடைசியில் வையுங்கள், மற்றவற்றை முதலில் பார்த்துவிடலாம்.